உடையாத கண்ணாடி

"ஏணிய விட்டுடாதே அக்கா. விட்டா நேரா தண்டவாளம்தான்."

"வாய மூடிட்டு வேலையப் பாரு."

ஏணியின் மேல்படியில் ஒற்றைக்காலை ஊன்றி, தூணுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் இடைப்பட்ட சந்துக்குள் தோள்வரை கையை விட்டிருந்தான் கொத்தனார். கீழே இரண்டு கைகளாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவனுடைய அக்கா. வெள்ளைச் சட்டை, நெஞ்சில் 'நிலைய மேலாளர்' என்ற பட்டை. அந்தச் சட்டை போட்டவர்கள் ஏணி பிடிப்பது வழக்கமில்லை. ஆனால் வேறு ஆளை அழைத்திருந்தால், பார்த்ததை அவன் டீ குடிக்கும் இடத்தில் கொட்டியிருப்பான். மதியத்துக்குள் நிலையமே பேசியிருக்கும்.

தலைக்கு மேல் நடைமேம்பாலம் அதிர்ந்துகொண்டிருந்தது. காலைக் கூட்டம். ஆயிரம் செருப்புகள், ஆயிரம் பூட்ஸ்கள். ஒவ்வொரு ரயிலும் வந்து நின்றதும் மேலிருந்து பொடி உதிர்ந்து அவள் தலைமுடியில் விழுந்தது.

"என்னடா தெரியுது?"

"விரல் நுனி போகுது."

"எங்க?"

"விரிசல்ல. போன வாரம் நகம்கூட நுழையல."

"அப்ப கண்ணாடி?"

மேலே டார்ச்சு வெளிச்சம் சந்துக்குள் இன்னும் உள்ளே போனது.

"டேய், உன்னத்தான். கண்ணாடி?"

"அதான் அக்கா புரியல. கண்ணாடி முழுசா இருக்கு."

விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடிச் சில்லை வைத்து, இரண்டு முனைகளையும் சிமென்ட்டால் ஒட்டிவிடுவது கட்டடக்காரர்களின் பழைய வழி. தூண் மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி தாங்காது, பட்டென்று உடையும். உடைந்தால் பாலத்தை மூட வேண்டும், பக்கத்தில் தோண்டுவதை நிறுத்த வேண்டும். கண்ணாடி முழுதாக இருந்தால் எல்லாரும் நிம்மதியாகத் தூங்கலாம்.

விரிசல் அகன்றிருக்கிறது. கண்ணாடி உடையவில்லை. இரண்டும் ஒன்றாக இருக்க வழியே இல்லை.

கொத்தனார் இறங்கி வந்து, சுண்ணாம்பு படிந்த கையைக் கால்சட்டையில் துடைத்தான்.

"நான் ஒட்டினது பழைய டிக்கெட் கவுன்ட்டர் ஜன்னல் கண்ணாடி. பச்சை அடிக்கும். அங்க இருக்கறது தண்ணி மாதிரி இருக்கு. அது என் கண்ணாடி இல்ல."

"நல்லாப் பாத்தியா?"

"என் பொண்டாட்டி மூஞ்சி மறந்தாலும் நான் ஒட்டினது மறக்காது."

"அவ காதுல விழாமப் பாத்துக்கோ."

இருவரும் சிரிக்கவில்லை. மேலே இன்னொரு ரயிலின் கூட்டம் ஏறத் தொடங்கியது.

●

அன்று வெள்ளிக்கிழமை. ஞாயிறு இரவோடு இந்தப் பழைய நிலையத்துக்கு மூடுவிழா. திங்கட்கிழமை காலை முதல் ரயில் பக்கத்தில் எஃகும் பளபளப்புமாக எழுந்து நிற்கும் புது நிலையத்துக்குள் நுழையும். அதற்குள் முடித்தாக வேண்டிய கடைசி வேலை, பாலத்தூணின் காலடியை ஒட்டி வெட்டும் வடிகால் குழி. இரண்டு பம்புகள் இரவும் பகலும் அந்தக் குழியிலிருந்து சேற்றுத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தன.

அந்தப் பக்கத்து நடைமேடைகளுக்குப் போக முன்பு ஒரு சுரங்கப்பாதை இருந்தது. புது நிலையத்தின் குழாய்களுக்காகப் போன மாதம் அதை அடைத்துவிட்டார்கள். இப்போது எல்லாருக்கும் இந்த ஒரே பாலம்தான்.

வடிகால் குழியின் பொறுப்பு யாருடையது என்பதில்தான் அவளுக்குத் தொல்லை. புது நிலையத்தைக் கட்டும் நிறுவனத்தின் தள இன்ஜினியர், அவள் கணவர்.

வீட்டில் இதெல்லாம் ஏற்கெனவே நெருப்பாக எரிந்து அடங்கியிருந்தது. புது நிலையத்தில் பராமரிப்பு வேலை முழுக்க வெளிநிறுவனத்துக்குப் போகிறது, பழைய ஆட்களுக்கு இடமில்லை என்று தெரிந்த அன்று, தம்பி சாப்பாட்டு மேஜையில் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். "அத்தான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எனக்கு ஒரு மூலையில எடம் கெடைச்சிருக்கும்." அதற்கு அவர் சோற்றைப் பிசைந்தபடியே, "என் வார்த்தைக்கு அங்க அவ்வளவு மதிப்பு இருந்தா முதல்ல எனக்குச் சம்பளம் கூட்டிக் கேப்பேன் மச்சான்" என்றார். அதிலிருந்து இருவரும் ஒரே அறையில் உட்காருவதில்லை.

அவள் போன் செய்த கொஞ்ச நேரத்தில் அவர் வந்தார். மஞ்சள் தொப்பி, முழங்கால்வரை சேறு, தூக்கமில்லாத கண்கள். எத்தனை நாளாயிற்று இந்த மனிதர் முழு இரவு தூங்கி என்று அவளுக்கு ஒரு கணம் இரக்கம் வந்தது.

"என்னம்மா, காலங்காத்தால ஏணி, டார்ச்சு. திருடனப் பிடிச்சீங்களா?"

"யாரோ கண்ணாடிய மாத்தியிருக்காங்க."

"யார் சொன்னா?"

"நான்தான் சொன்னேன்" என்றான் கொத்தனார்.

"பச்சை, வெள்ளை எல்லாம் அந்த இருட்டுச் சந்துல தெரிஞ்சுதா? பரவால்ல, கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"அத்தான், விரல் போகுது. வேணும்னா நீங்களே ஏறி விட்டுப் பாருங்க."

"எந்த விரல்? சுண்டு விரலா, கட்டை விரலா? அளவு எடுத்து வெச்சிருக்கியா? போன வாரம் எவ்வளவு, இந்த வாரம் எவ்வளவு?"

கொத்தனாரிடம் அளவில்லை. கண்ணாடி இருக்கும்போது அளவு எதற்கு என்று விட்டிருந்தான். அவனுக்கு அது அப்போதுதான் உறைத்தது. முகம் கறுத்தது.

இன்ஜினியர் மனைவியின் பக்கம் திரும்பினார். குரல் தணிந்தது. வீட்டில் விளக்கை அணைத்தபின் பேசும் குரல்.

"இதோ பாரு. அவனுக்கு வேலை போற கோபம். எனக்குப் புரியுது. ஆனா அதுக்காக நீ பாலத்த மூடினா என்ன ஆகும்? அந்தப் பக்கம் ஒரு வண்டி நிக்க முடியாது. பாதி நகரம் நடுத்தெருவுல நிக்கும். இத்தன வருஷம் நின்ன பாலம் மூணு நாள் நிக்காதா?"

"நிக்கும்னு நீங்க சொல்றீங்களா?"

"நான் சொல்றேன்."

"குழி பக்கத்துல மண்ணு எறங்கலையே?"

"எறங்கினா முதல்ல உங்கிட்டத்தான் சொல்வேன்."

அவள் அதை நம்பினாள். நம்ப விரும்பினாள் என்று சொல்வதே சரி.

●

ஆனாலும் அவள் கன்ட்ரோலை அழைத்தாள். நகரத்தின் எல்லா ரயில்களையும் இயக்கும் அறை அது. அங்கிருந்த அதிகாரி பொறுமைசாலி. பொறுமையாகவே ஒருவரின் கழுத்தைப் பிடிப்பார்.

"விரிசல் பெருசாச்சுன்னு யார் பாத்தது மேடம்?"

"என் கொத்தனார்."

"புது ஸ்டேஷன்ல எடமில்லன்னு சங்கத்துல சத்தம் போட்டாரே, அவரா?"

"ஆமா."

"அவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"தம்பி."

போனில் காகிதம் புரளும் ஓசை மட்டும் கேட்டது.

"பாலப் பரிசோதகர் வரச் சொல்றேன். திங்கக்கிழமை காலையில வந்துடுவார்."

"திங்கக்கிழமை இங்க ஸ்டேஷனே இருக்காது சார்."

"அப்ப அவருக்கு வேலையும் இருக்காது. மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு உடைஞ்ச கண்ணாடி காட்டுங்க. அடுத்த நிமிஷம் அந்தப் பக்கம் ஒரு வண்டி நிக்காது. கண்ணாடி முழுசா இருக்கும்போது நான் என்னன்னு சொல்லி நிறுத்தறது?"

தன் பொறுப்பிலேயே மூடும் அதிகாரம் அவளுக்கு இருந்தது. இரண்டு நிலையம் தள்ளி ஒருவர் அப்படி மூடினார். புகை என்று நினைத்தது அடுப்புக்கரி வாசனை. அவர் இப்போது தலைமை அலுவலகத்தில் தொலைந்த பொருட்கள் அறையில் குடைகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறார்.

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பியபோது தம்பி வாசலில் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"உடைஞ்ச கண்ணாடி வேணுமாம்" என்றாள்.

"கேட்டேன்."

"மாத்தினவன் பழைய துண்டை எங்க போட்டிருப்பான்?"

"குழில. சேத்தோட சேந்து லாரில போயிருக்கும்." அவன் சுவரைப் பார்த்தபடி சொன்னான். "ஏன்க்கா, உடைஞ்சா போதுமா? எப்ப உடைஞ்சுது, எப்பிடி உடைஞ்சுதுன்னு கேப்பாங்களா?"

அதற்குள் இரண்டாம் நடைமேடையில் ஒரு முதியவர் தடுக்கி விழுந்துவிட்டதாக ஆள் ஓடிவந்தான். அவள் முதலுதவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். தம்பியின் கேள்விக்குப் பதில் சொல்லாமலே போனாள். பின்னால் அதை நினைத்து நினைத்து அவள் வருந்தப்போகிறாள்.

●

முதியவரைப் பெஞ்சில் உட்காரவைத்து, முழங்காலுக்குக் கட்டுப் போட்டுவிட்டு வரும்போது, அவள் வேண்டுமென்றே பாலத்தின் மேல் ஏறினாள்.

தினமும் பலமுறை ஏறி இறங்கும் பாலம். பழக்கத்தில் கால் தானாகப் போகும். இன்று ஒவ்வொரு பலகையையும் பாதம் சோதித்தது. நடுவில் நின்று கைப்பிடியைப் பற்றினாள். மதிய நேரம், கூட்டமில்லை. இருந்தும் ஒரு சரக்கு ரயில் கீழே போனபோது கைப்பிடி உள்ளங்கைக்குள் பல்வலி போல் விண்விண்ணென்றது.

கீழே குழியருகில் அவள் கணவர் நிமிர்ந்து பார்த்தார். பாலத்தின் நடுவில் நிற்பது யாரென்று அடையாளம் தெரிய அவருக்குச் சற்று நேரமாயிற்று. பிறகு கையை உயர்த்தி ஆட்டினார். அவளும் ஆட்டினாள்.

அவர் மட்டும் உடனே கையை இறக்கவில்லை. அவள் பாலத்தைவிட்டு இறங்கும்வரை அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் அறைக்குள் நுழைந்து உட்காருவதற்குள் தம்பி மூச்சிரைக்க உள்ளே வந்தான்.

"அக்கா, உடைஞ்சிடுச்சு."

"என்னது?"

"கண்ணாடிதான். நடுவுல பட்டுன்னு ரெண்டா. வா, வந்து பாரு."

அவளுக்குப் பயத்தைவிட முதலில் வந்தது ஆறுதல். இனி யோசிக்க வேண்டாம், விதிமுறை யோசித்துக்கொள்ளும். ஓடிப்போய்ப் பார்த்தாள். சில்லு இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி கீழே விழுந்திருந்தது. ஓடிவந்து கன்ட்ரோலை அழைத்தாள். "உடைஞ்சிருக்கு சார். என் கண்ணால பாத்தேன்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"சரி. அந்தப் பக்கத்து வண்டிகள மாத்தி விடறேன். நீங்க அறிவிப்பு குடுங்க. பாலத்த…"

அந்த நேரம் பார்த்து அவள் கணவர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். ஒன்றும் பேசவில்லை. தன் கைபேசியை அவள் மேஜையில் வைத்து, ஓடவிட்டார்.

புது நிலையத்துக் கிரேனின் உச்சியில் இருக்கும் காவல் கேமராவின் படம். மேலிருந்து பார்க்கத் தூணும் ஏணியும் சின்னதாகத் தெரிந்தன. ஏணியில் ஓர் ஆள். சுற்றுமுற்றும் பார்க்கிறான். இடுப்பிலிருந்து சுத்தியை எடுக்கிறான். ஒரே தட்டு.

தொப்பியில்லாத அந்தத் தலையை, வலது பக்கம் சாய்ந்த அந்தத் தோளை, அவள் எந்த உயரத்திலிருந்து பார்த்தாலும் கண்டுபிடிப்பாள்.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?" என்றது போன்.

"இருக்கேன் சார்." அவள் குரல் அவளுக்கே யாருடையதோ போலிருந்தது. "அறிவிப்பு… வேண்டாம். தானா உடையல. கை பட்டு உடைஞ்சிருக்கு."

"யார் கை?"

அவள் கைபேசியைக் குப்புறக் கவிழ்த்தாள். மறுமுனையில் நீண்ட மூச்சு ஒன்று கேட்டது.

"மேடம், உங்க மேல எனக்கு மரியாதை இருக்கு. இனிமே அந்தப் பாலத்தப் பத்தி எனக்குப் போன் வரணும்னா, சொல்றவங்க உங்க தம்பியா இருக்கக் கூடாது."

போன் வைக்கப்பட்டது.

●

"ஏன்டா?"

கொத்தனார் தலையைத் தொங்கப்போட்டபடி நின்றான். நாற்பது வயதுக்காரன். பள்ளிக்கூடத்தில் சட்டையைக் கிழித்துக்கொண்டு வந்தபோது நின்ற அதே நிலை.

"உடைஞ்ச கண்ணாடி கேட்டாங்க. குடுத்தேன்."

"பொய்யா குடுத்தே."

"விரிசல் பொய் இல்ல. கண்ணாடிதான் பொய். பொய்க் கண்ணாடிய உடைச்சா என்ன தப்பு?"

"முட்டாளே, இனிமே நீ உண்மையச் சொன்னாலும் எவன்டா நம்புவான்?"

"நீயாவது நம்பறியா?"

அவள் பார்வை மேஜையில் இருந்த கைபேசிக்குப் போனது. அதைவிடப் பெரிய பதில் அவனுக்குத் தேவைப்படவில்லை.

"போலீஸெல்லாம் வேண்டாம்" என்றார் இன்ஜினியர் பெருந்தன்மையாக. "வீட்டு விஷயம். மச்சான், சாவிக்கொத்த வெச்சிட்டு இப்பவே கெளம்பு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் இந்தப் பக்கம் வராதே. நான் பாத்தத மறந்துடறேன்."

கொத்தனார் சாவிக்கொத்தை மேஜையில் வைத்தான். எறியவில்லை. மெதுவாக, சத்தம் வராமல் வைத்தான். அவளுக்கு அதுதான் தாங்கவில்லை.

இன்ஜினியர் வெளியே போய்த் தாமே ஏணியில் ஏறினார். ஒரு குவளையில் சிமென்ட் குழைத்து, புதுச் சில்லு ஒன்றைப் பொருத்தி, இரண்டு முனைகளையும் கட்டைவிரலால் அழுத்தி வழித்தார். வெளியே போகத் திரும்பிய கொத்தனார் வாசலில் நின்று அதைப் பார்த்தான்.

"அளவு எடுக்காமலே சரியா வெட்டி வந்திருக்கு பாருக்கா" என்றான்.

அவள் காதில் விழுந்தது. கேட்காதது போல் மேஜையில் இருந்த தாள்களை அடுக்கினாள். கணவரைச் சந்தேகித்தால் திருமணமான இத்தனை ஆண்டுகளையும் திரும்ப எண்ணிப்பார்க்க வேண்டியிருக்கும். தம்பியைச் சந்தேகிப்பது எளிது. அவன் சுத்தியோடு படத்தில் இருக்கிறான்.

●

மாலைக் கூட்டம் தொடங்கியது.

வெள்ளிக்கிழமை மாலை எப்போதுமே மோசம். இன்று அதைவிட மோசம். அந்தப் பக்கத்து இரண்டு நடைமேடைகளிலும் அடுத்தடுத்து இரண்டு ரயில்கள். ஒன்றிலிருந்து இறங்குபவர்கள் பாலத்தைவிட்டு இறங்குவதற்குள் அடுத்ததன் கூட்டம் ஏறிவிடும்.

முதல் ரயிலில் அவள் மகள் இருந்தாள்.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. இருந்தாலும் வீட்டில் எல்லாருக்கும் இன்னும் பாப்பாதான். தினமும் இந்த ரயிலில் வந்து இறங்கி, அம்மாவின் அறைப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் நேரே வீட்டுக்குப் போய்விடுவாள். ஸ்டேஷன் மேனேஜர் மகள் என்று தோழிகளுக்குத் தெரிந்தால் ஓசி டிக்கெட் கேட்பார்களாம்.

அவள் கைபேசியை எடுத்தாள். 'பாப்பா, இறங்கி நடைமேடையிலேயே நில். நான் சொல்லும்வரை பாலத்தில் ஏறாதே' என்று அடித்தாள். அனுப்ப வேண்டிய இடத்தில் விரல் நின்றது.

அப்படியானால் மற்றவர்கள்?

அவள் எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்தாள். பாலம் நிற்கும் என்றால் மகளும் வரட்டும். நிற்காது என்றால் ஒருத்தரும் ஏறக்கூடாது. நடுவில் ஒரு கணக்கு இருக்கக்கூடாது.

நிற்காது என்று சொல்லும் தைரியம்தான் அவளுக்கு இல்லை.

அவள் செய்தது ஒன்றே ஒன்று. சிக்னல் அறையை அழைத்து, இரண்டாவது ரயிலை வெளிச் சிக்னலிலேயே நிறுத்திவைக்கச் சொன்னாள். இரண்டு கூட்டமும் பாலத்தில் சேராமல் இருக்க. அரைகுறை வேலை என்று அவளுக்கே தெரிந்தது. கதவைப் பூட்டாமல் நாற்காலியை முட்டுக் கொடுப்பது போல.

பிறகு பாலத்தின் படியடியில் போய் நின்றாள்.

முதல் ரயில் வந்தது. பாலம் நிறைந்தது. மேலே தலைகள், பைகள், தோளில் குழந்தைகள். பழைய இரும்பு, சுமைக்காரன் மூச்சு வாங்குவதைப் போல் ஒரு சத்தம் எழுப்பியது. இதுவரை அவள் கேட்டிராத சத்தம். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லாருக்கும் வீட்டுக்குப் போகும் அவசரம்.

இறங்கும் ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள். இவளில்லை. இவளுமில்லை. நீலப் பை. இல்லை, அது வேறு பெண். கூட்டம் மெலிந்தது. கடைசியாக ஒரு கர்ப்பிணிப் பெண் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கினாள். அவளுக்குப் பின்னால் யாருமில்லை.

மகள் வரவில்லை.

ரயிலைத் தவறவிட்டிருப்பாள் என்று சொல்லிக்கொண்டு அறைக்கு ஓடினாள். கன்ட்ரோல் போன் அடித்துக்கொண்டிருந்தது.

"மேடம், வெளிச் சிக்னல்ல வண்டிய ஏன் நிறுத்தி வெச்சிருக்கீங்க? பின்னால நாலு வண்டி வரிசை கட்டி நிக்குது."

"ஒரு நிமிஷம் சார்."

"நிமிஷமெல்லாம் இல்ல. காரணம் சொல்லுங்க, இல்ல வண்டிய உள்ள விடுங்க."

அப்போது அறையின் பின்கதவு திறந்தது.

"அம்மா, மாமாவ ஏன் வெளிய அனுப்பினீங்க? போன்ல அழறாரும்மா."

பாப்பா. தோளில் நீலப் பை. கணுக்கால்வரை செம்மண். அக்குளில் ஒரு மஞ்சள் தொப்பியை இடுக்கியிருந்தாள்.

அம்மா ரிசீவரை நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள்.

"நீ எந்த வழியா வந்தே?"

"பாலம் வழியாதான்."

"நான் பாலத்தடியிலதான் நின்னேன் பாப்பா. ஒவ்வொரு தலையாப் பாத்தேன்."

மகளின் கண்கள் தொப்பிக்குப் போய்த் திரும்பின.

"புது ஸ்டேஷன் வழியா வந்தேன். அடியில ஒரு வழி இருக்கு. இன்னும் தொறக்கல."

"தொறக்காத வழியில உன்ன யார் விட்டா?"

"அப்பா பாஸ் வாங்கிக் குடுத்தாரு."

"எதுக்கு?"

பாப்பா உதட்டைக் கடித்தாள். "யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காரும்மா."

"நான் யாரோவா?"

பாப்பா தொப்பியைப் பைக்குப் பின்னால் தள்ளினாள். நெஞ்சோடு அழுத்தியிருந்த ரிசீவருக்குள்ளிருந்து அதிகாரியின் குரல் கரகரத்தது. ஜன்னலுக்கு வெளியே, ரயிலுக்காகக் காத்திருந்தவர்கள் இந்தப் பக்கமிருந்து பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தார்கள். மறுபடி அது நிறைந்துகொண்டிருந்தது.

அவள் ரிசீவரை மகளிடம் நீட்டினாள்.

"இதுல பேசறது எல்லாம் பதிவாகும். தெரிஞ்சே பேசு. எதுக்குப் பாஸ் குடுத்தாருன்னு இவர்கிட்ட சொல்லு."

"அப்பாவுக்கு என்னம்மா ஆகும்?"

"தெரியல."

"வேலை போயிடுமா?"

"அதுக்கும் மேல போகலாம்." அவள் ஜன்னலைக் காட்டினாள். "அவங்களுக்கு என்ன ஆகும்னும் எனக்குத் தெரியல பாப்பா. உனக்குத் தெரியும்னா சொல்லு."

மகள் ஜன்னலைப் பார்த்தாள். சற்று முன் பாலத்திலிருந்து இறங்கிய ஒருவன், எதையோ மறந்துவிட்டு வந்தவன் போலத் திரும்பப் படியேறிக்கொண்டிருந்தான். பாப்பா ரிசீவரை இரண்டு கைகளாலும் வாங்கினாள்.

"சார், நான் மேனேஜர் பொண்ணு பேசறேன். செவ்வாக்கிழமை எங்கப்பா எங்கிட்ட சொன்னாரு. பாலத்துத் தூண்ல கண்ணாடி உடைஞ்சு போச்சு, நான்தான் யாருக்கும் தெரியாம வேற வெச்சிருக்கேன், ஞாயித்துக்கிழமை வரைக்கும் நீ மட்டும் அதுல ஏறாதேன்னு."

மறுமுனையில் யாரோ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழும் ஓசை. அதிகாரியின் குரல் இப்போது அந்த அறை முழுக்கக் கேட்டது.

"வேற யாருக்கும்மா இது தெரியும்? உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

பாப்பா அம்மாவைப் பார்த்தாள். முதல்முறையாக அவள் கண்ணில் நீர் திரண்டது.

"தெரியாது சார். அம்மாவும் தினம் எத்தன தடவ அதுல போறாங்க, அவங்ககிட்டயாவது சொல்லுங்கப்பான்னு நான் கெஞ்சினேன். வேண்டாம், அவகிட்ட சொன்னா அவ பாலத்த மூடிடுவான்னு சொல்லிட்டாரு."